எல்லாரும் செடுலஸ்

எங்கள் மேலாளரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அகராதி என்றுதான் சொல்வோம். அவர் மேசைமேல் ஒரு தடித்த ஆங்கில அகராதி எப்போதும் உட்கார்ந்திருக்கும், அது ஒரு காரணம். 'அவனுக்கு அகராதி பிடிச்சிருக்கு' என்று யாரைச் சொல்வோமோ அந்த ரகம் அவர், அது இன்னொரு காரணம். பதினெட்டு வருஷம் அவருக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து டைப் அடித்தவள் நான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்கு மூச்சு வாங்கும். அவர் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க ஒரே ஒரு வார்த்தை போதும். அது தமிழ் வார்த்தைகூட இல்லை.

செடுலஸ்.

ஆங்கிலத்தில் இது ஒரு பெயரடை. ஆங்கிலக்காரர்களே அன்றாடப் பேச்சில் எடுக்காத பெயரடை. பொருள் என்னவோ தங்கமான பொருள்தான். எடுத்த வேலையைச் சலிக்காமல், சின்ன விஷயத்தைக்கூட விட்டுவிடாமல், இன்றைக்கு இருந்த அதே அக்கறையோடு பத்து வருஷம் கழித்தும் செய்கிற ஆளுக்குச் சொல்வது. கெட்டிக்காரனுக்கு அது பொருந்தாது. கெட்டிக்காரன் அரை மணியில் முடித்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போய்விடுவான். சுறுசுறுப்பானவனுக்கும் பொருந்தாது, அவன் பாதியில் வேறொன்றுக்குத் தாவுவான். ஒரே ஒரு நாள் விழுந்து விழுந்து உழைத்தவனை அப்படிச் சொன்னால் தப்பு. ஆளுக்கும் சொல்லலாம், அந்த ஆள் எடுக்கும் முயற்சிக்கும் சொல்லலாம். தமிழில் 'கண்ணும் கருத்துமாக' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

இதை ஒருமுறை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "சார், கண்ணும் கருத்துமா வேலை செய்யறவங்கன்னு சுலபமான இங்கிலீஷ்லயே எழுதிடலாமே?"

"அப்படி எழுதினா படிக்கறவங்களுக்கு உடனே புரிஞ்சிடுமேம்மா," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார்.

இந்த வார்த்தை அவரிடம் வந்து சேர்ந்த கதையே ஒரு கூத்து. எங்களுடையது கண்ணாடிக் குப்பிகள் செய்யும் தொழிற்சாலை. மருந்துக் கம்பெனிகளுக்குச் சொட்டு மருந்துக் குப்பி, ஊசி மருந்துக் குப்பி என்று செய்து அனுப்புவோம். இவர் மேலாளராவதற்கு முன்னால் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். வெளிநாட்டுக்குப் போன சரக்கு ஒன்றில் ஏதோ குளறுபடி ஆகிவிட, அந்த மனிதர் ஆறு வாரம் பெட்டி பெட்டியாகக் கணக்கெடுத்து, கடிதம் போட்டு, மாற்றுச் சரக்கு அனுப்பி, ஒரு குப்பி குறையாமல் சரிசெய்தார். செய்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் போன பதினைந்தாம் நாள் வெளிநாட்டிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. 'உங்கள் செடுலஸான மேலாளருக்கு' என்று எழுதியிருந்தார்கள். அப்போது நாற்காலியில் இருந்தது நம்மவர். வேலைக்கு வந்து பதினைந்தே நாள், பேனாவுக்கு மை போட்டதைத் தவிர வேறொன்றும் செய்திருக்கவில்லை.

யோக்கியமான ஆளாக இருந்தால் கடிதத்தைப் பழையவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். இவர் அகராதி வாங்கி அர்த்தம் பார்த்தார். பார்த்ததும் கடிதத்துக்குச் சட்டம் போட்டு, தன் தலைக்கு மேலே சுவரில் மாட்டிக்கொண்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அவர் பெண்டாட்டி கையைக்கூட நீட்டவில்லை, நெய் தானாகவே இலையில் வந்து விழுந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது பழைய கணக்குப்பிள்ளை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சட்டம் ஒன்பது வருஷம் பழையதாகியிருந்தது. அதற்குக் கீழே அவர் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆள் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருப்பார். இஸ்திரி கலையாத சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. காலை ஒன்பதுக்கு வந்து நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தால், ஐந்து மணிக்கு எழுந்திருப்பார். மற்றவர்களுடைய கடிதங்களில் எளிய வார்த்தைகளை அடித்துவிட்டுக் கடினமான வார்த்தைகளை எழுதுவது அவர் உத்தியோகம். 'அனுப்பினோம்' என்பதற்கு அவர் போடும் வார்த்தையை நான் தட்டச்சு செய்வதற்குள் சரக்கே போய்ச் சேர்ந்துவிடும். அவர் மனைவியை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற அம்மாள். "வீட்டுக் குளியலறைக் குழாய் நாலு வருஷமா சொட்டுதும்மா. அதைப் பத்திக் குடியிருப்புச் சங்கத்துக்கு இவர் எட்டு லெட்டர் எழுதியிருக்கார். அந்தச் சங்கத்துல ஒருத்தருக்கும் என்ன எழுதியிருக்காருன்னு புரியலை. கீழ் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு நானே வாஷர் மாத்திட்டேன்" என்றார். அதைக் கேட்டு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவோடு போயிருந்தால் அவரை ஒரு வேடிக்கை மனிதர் என்று விட்டிருப்பேன். ஆனால் நற்சான்றிதழ் எழுதும் பொறுப்பு அவரிடம் இருந்தது.

வேலையை விட்டுப் போகிறவர்கள் வேறு இடத்தில் காட்டுவதற்கு ஒரு கடிதம் கேட்பார்கள். அதற்கு அவரிடம் ஒரே ஒரு அச்சு இருந்தது. இன்னார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வேலை பார்த்தார், மிகவும் செடுலஸானவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். பெயரையும் தேதியையும் மாற்றி நான் அடிப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார். உலைக்காரர், பெருக்குகிறவர், ஓட்டுநர், எல்லாருக்கும் அதேதான். ஒருமுறை தண்ணீர் இயந்திரம் ரிப்பேர் செய்ய வந்தவர் இரண்டு நாள் வேலைக்குச் சான்று கேட்டார், அவரும் செடுலஸ். இறந்துபோன காவலாளி வீட்டுக்கு அனுப்பிய இரங்கல் கடிதத்திலும் அதைச் சேர்த்தார். அந்த வீட்டில் அது நோயின் பெயரோ என்று பயந்து ஓர் ஆளை அனுப்பி விசாரித்தார்கள்.

யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அலுவலகம் மாடியில், பட்டறை கீழே, நடுவில் பதினாலு படி. இறங்கினால் சட்டையில் கரி படியும் என்று அவர் இறங்கியதே கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதனால் கீழே நின்றுகொண்டே தூங்கக்கூடிய ஒரு பேக்கிங் ஆள், நாங்கள் குறட்டை என்று கூப்பிடுகிறவன், வேலையை விட்டபோது அவனுக்கும் அதே கடிதம் போயிற்று.

போன வருஷம் கம்பெனி கண்ணாடியை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறுவதென்று முடிவு செய்தது. உலையை அணைக்க நாள் குறித்துவிட்டார்கள். கீழே நாற்பது பேருக்கு வேலை இல்லை. அவர்களில் ஒருத்தி லைட்டக்கா. குப்பிகளைச் சோதிக்கும் அறையில் நாளெல்லாம் விளக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் சின்னவர்கள் வைத்த பெயர் அது. என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். பதினோரு வருஷம் அந்த அறையில் இருந்தவள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த கணவன் கணுக்கால் ஒடிந்து வீட்டில் இருந்தான். இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில்.

பஸ்ஸில் ஒரு மணி தூரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அங்கே ஊசி மருந்துக் குப்பியைச் சோதிக்க ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. அவளுக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை. கடிதத்தை வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை போனாள். புதன்கிழமை காலை, அகராதி வருவதற்கு முன்னாலேயே, மாடிப்படி ஏறி வந்து என் மேசை முன்னால் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, இந்த லெட்டர்ல என்ன எழுதியிருக்கு?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அங்க தரம் பார்க்கற மேடம் இதைப் பிரிச்சுப் பார்த்ததும் சிரிச்சிட்டாங்க. பக்கத்துல இருந்தவங்ககிட்ட, 'இதோ இன்னொரு செடுலஸ் வந்தாச்சு'ன்னாங்க. நம்ம குறட்டை இருக்கானே, அவன் இங்கேயிருந்து போய் அங்கதான் சேர்ந்தானாம். ஒரு மருந்துக்கு இன்னொரு மருந்தோட லேபிளை அரை நாள் ஒட்டியிருக்கான். வெளிய போறதுக்குள்ள பிடிச்சிட்டாங்களாம். ஒரு வாரம் எல்லாப் பெட்டியையும் திரும்பப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. அதிலேருந்து அங்க யாராவது தப்புப் பண்ணா, 'என்னப்பா, செடுலஸா?'ன்னு கேக்கறாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள, நான் என்ன வேலை பார்த்தேன், எப்படிப் பார்த்தேன்னு விவரமா எழுதி, மேனேஜர் கையெழுத்தோட கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. இல்லேன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம். இது போச்சுன்னா எனக்கு கேன்டீன்ல தட்டு கழுவற வேலைதான்க்கா. பதினோரு வருஷம் இந்தக் கண்ணை வச்சுப் பொழைச்சிட்டேன்."

அகராதி வந்ததும் அவளை அழைத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். குறட்டை கதையை மட்டும் கொஞ்சம் பதமாகச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியலைன்னு அர்த்தம். இதைவிட உசத்தியான வார்த்தை அந்த மொழியிலேயே இல்லை."

"உசத்தி வேண்டாம் சார்," என்றாள் லைட்டக்கா. "நான் பண்ண வேலையை எழுதிக் கொடுங்க, போதும்."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அவள் காதில் விழுந்தது. "இவங்க எந்த டிபார்ட்மென்ட்?"

பதினோரு வருஷம். அவள் வருகைப் பதிவேட்டில் மாதாமாதம் கையெழுத்துப் போட்ட மனிதர். எனக்கு அங்கேயே அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி அவர் மடியில் வைக்க வேண்டும் போல இருந்தது. லைட்டக்கா மட்டும் நிதானமாகப் பதில் சொன்னாள். "குப்பி செக் பண்ற ரூம் சார்."

"நாளைக்குள்ள புதுசா எழுதி வைக்கிறேன், போம்மா," என்றார்.

எழுதத்தான் செய்தார். அன்று முழுக்க வேறு வேலையைத் தொடவில்லை. அகராதியைப் புரட்டினார், எழுதினார், கிழித்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி எழுதினார். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாக, நாலே முக்காலுக்கு ஒரு தாளை என்னிடம் நீட்டினார். பழைய கடிதமேதான். 'மிகவும் செடுலஸானவர்' என்று இருந்த இடத்தில் 'ஈடு இணையற்ற செடுலஸானவர்' என்று இருந்தது.

"இப்ப பாருங்க, கனம் கூடியிருக்கு," என்றார்.

அதை அடிக்க மாட்டேன் என்று சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, புரியவில்லை. மணி ஐந்தாகிவிட்டதால் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் நான் பதினாலு படியையும் இறங்கினேன். நானும் அந்த அறைக்குள் அதுவரை போனதில்லை. சின்ன அறை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு, அதன் பின்னால் ஒரு கறுப்புப் பலகை. அவள் ஒரு குப்பியை எடுத்து விளக்குக்கும் பலகைக்கும் நடுவே பிடித்து, கழுத்து, தோள், உடம்பு, அடி என்று சுற்றிப் பார்த்துவிட்டு வலது பக்கத் தட்டில் வைத்தாள். அடுத்தது. அடுத்தது. பேச்சுக் கொடுத்தாலும் கை நிற்கவில்லை, ஆனால் வேகமும் கூடவில்லை. காலையில் முதல் குப்பியைப் பார்த்த மாதிரியே ஐந்நூறாவதையும் பார்க்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே தெரியும்.

"நீங்க ஒண்ணு பாருங்கக்கா," என்று ஒன்றைக் கொடுத்தாள். நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. நல்ல குப்பிதான் என்றேன். அவள் அதை வாங்கிக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு கோடு, தலைமுடியைவிட மெல்லியது, ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்தது.

"இது மருந்து ஊத்தி மூடறப்ப தெரியாது. ஆஸ்பத்திரில யாராவது உடைக்கறப்ப துகள் உள்ள விழுந்துடும். அந்த ஊசி ஒரு குழந்தைக்குப் போகும்," என்று சொல்லி அதை இடது பக்கக் கூடையில் போட்டாள்.

மேசை இழுப்பறையில் ஏழு நோட்டுகள் வைத்திருந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எந்த நாள், எந்த அச்சிலிருந்து வந்த குப்பி, என்ன பழுது என்று பொடிப் பொடியாக எழுதியிருந்தாள். மூன்றாம் எண் அச்சில் தேய்மானம் இருக்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தது அவள்தான், அந்த நோட்டை வைத்துத்தான். அச்சை மாற்றிய எஞ்சினியருக்கு நிர்வாகம் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. அதை அடித்தது நான்தான். அந்தக் கடிதத்தில் அவள் பெயர் இல்லை.

மேலே வந்து ஒரு பக்கம் அடித்தேன். கடின வார்த்தை ஒன்றுகூட இல்லை. பதினோரு வருஷம் என்ன செய்தாள், ஒரு நாளைக்கு எத்தனை குப்பி, என்னென்ன பழுதுகளைப் பிரித்தாள், அவள் கையைத் தாண்டிப் போனவற்றில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியவை எத்தனை என்று நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். மூன்றாம் எண் அச்சையும் எழுதினேன். எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண் மேலிருந்து கீழே ஓடியது. படிக்கவில்லை, தேடினார்.

"எங்க அது?"

"அது வேண்டாம் சார். அதைப் பார்த்தா அங்க சிரிக்கறாங்க."

"அது இல்லாம இந்த ஆபீஸ்லேருந்து ஒரு சான்றிதழ் போனதில்லை. போகாது. இது என்ன, மளிகைச் சீட்டு மாதிரி குப்பி, அச்சு, எண்ணிக்கைன்னு? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அரை மணி நேரம் வாதாடினேன். குரங்குப்பிடி. கடைசியில் நான் கேட்டேன், "சார், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

அகராதியைத் திறக்காமலே சொன்னார். சலியாத அக்கறை, எதையும் நழுவவிடாத கவனம், நீண்ட காலம் தளராத உழைப்பு. ஒரு பிசகு இல்லாமல் சொன்னார். பிறகு என் தாளைத் தட்டிக்காட்டி, "நீங்க ஒரு பக்கம் எழுதியிருக்கறதை நான் ஒரே வார்த்தையில சொல்றேன்," என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஒரு தடவை மனிதர் சொன்னது சரி. அந்த வார்த்தை அவளுக்கென்றே பிறந்தது. அதை இரண்டு நாள் ரிப்பேர்க்காரனுக்கும் குறட்டைக்கும் வாரி இறைத்துவிட்டு, உரியவள் வந்து நிற்கும்போது அவளுக்கு உதவாத சொல்லாக்கி வைத்திருந்தார். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. மணி நாலு ஐம்பது. வேறு வழியில்லாமல் கடைசி வரியாக அந்த வார்த்தையை அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு நானும் போனேன். வார்த்தை காரியத்தைக் கெடுத்தால் வாயால் விளக்கலாம் என்று நினைப்பு. தரம் பார்க்கும் மேடத்தின் அறை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டுப் படித்தார். மெதுவாகப் படித்தார். மூன்றாம் எண் அச்சு வந்த இடத்தில் நிமிர்ந்து லைட்டக்காவைப் பார்த்தார், தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் மூடிக்கொண்டது.

அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். எங்கள் தொழிற்சாலையிலிருந்து அங்கே வந்தவர்களின் கடிதங்கள். பதினொன்று. மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் இடது மூலையில் இரண்டு சின்ன எழுத்துகள் இருந்தன. கடிதத்தை அடித்தவர் யார் என்று தெரிவதற்காகத் தட்டச்சுக்காரர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளை அங்கே போடுவது அலுவலக வழக்கம்.

மேடம் அந்த மூலையில் விரலை வைத்தார். "இது யாரு?"

"நான்தாங்க."

"இந்தப் பதினொண்ணும் நீங்க அடிச்சது."

"ஆமாம்."

"இன்னைக்குக் கொண்டு வந்திருக்கறதும் நீங்க அடிச்சது. அப்ப இதை மட்டும் நான் ஏன் நம்பணும்?"

அகராதியைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எதுவும் இதற்குப் பதிலாகாது. லைட்டக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஏழு நோட்டும் இருந்தன, அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அதெல்லாம் பார்க்காம அடிச்சேங்க," என்றேன். "இதை நேத்து அவங்க பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு அடிச்சேன். கடைசி வரி மட்டும் மேனேஜர் சொன்னது. அதை விட்டுட்டு மத்ததைப் படிங்க. அதுல ஒரு எழுத்து பொய் இல்லை."

மேடம் லைட்டக்காவிடமிருந்து ஒரு நோட்டை வாங்கிப் பத்துப் பக்கம் புரட்டினார். பிறகு மணியடித்து ஒரு பெண்ணை வரவழைத்து, "இவங்களை உள்ள கூட்டிட்டுப் போய் லைன்ல உக்கார வைங்க. சாயங்காலம் வரைக்கும் பார்க்கட்டும்," என்றார். அவள் எழுந்து போனாள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

மேடம் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கோப்பில் திருப்பி வைத்தார். குறட்டையின் கடிதம் வந்தபோது அதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார்.

"உங்க மேனேஜர் கீழ இறங்கவே மாட்டாராமே. அந்தம்மா செவ்வாய்க்கிழமை சொன்னாங்க."

"இறங்க மாட்டாருங்க. பதினெட்டு வருஷமா பார்க்கறேன். வெறும் வெத்து வேட்டு." சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"சரி. அப்ப இந்த ஆள் வேலை நேரத்துல தூங்குவான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாதுங்க."

"உங்களுக்கு?"

அவனுக்குக் குறட்டை என்று பெயர் வைத்ததே நான்தான். மாடிப்படியில் நின்று அவனைக் காட்டி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை அடிக்கும்போதும் சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.

"தெரியும்," என்றேன்.

மேடம் குறட்டையின் கடிதத்தையும் கோப்பில் வைத்து மூடினார். வெளியே பெஞ்சில் உட்காரலாம் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் நாலரைக்கு லைட்டக்கா வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களாலதான்க்கா," என்றாள். நாலைந்து தடவை அதையே சொன்னாள். பஸ் வரும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.